யார்க்டவுன் போர்க்களம் சொல்லும் பாடம்

(கழக வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற ஆண்டு அக்டோபர்த் திங்களில் நம் கழக உறுப்பினர்களாகிய நாங்கள் மூவர் அமெரிக்க நாட்டிற்குச் சென்று வரும் வாய்ப்பினைப் பெற்றோம். நம் விடுதியில் தங்கிப் படித்து, இன்று அங்கே பணிபுரியும் பழைய மாணவர் ஒருவரின் அன்பழைப்பே அதற்குக் காரணம். திரும்பி வந்ததும் இளைஞர்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டு, "அங்கே எதைக் கண்டு வியந்தீர்கள்?" என்று கேட்டார்கள். வானளாவிய கட்டடங்களைப் பற்றிச் சொல்வோம் என்று எதிர்பார்த்திருப்பார்கள். "ஒரு புல்வெளியைக் கண்டோம், அது எங்கள் உறக்கத்தைக் கெடுத்துவிட்டது" என்று விடையிறுத்தோம். அந்தப் புல்வெளியைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

வர்ஜீனியா மாநிலத்தில் யார்க் என்னும் ஆற்றின் கரையில் அமைந்த சிற்றூர் யார்க்டவுன். பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுபட அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் 1775-ஆம் ஆண்டு தொடங்கிய போரின் முடிவை உறுதிசெய்த முற்றுகை இவ்வூரில்தான் நிகழ்ந்தது. 1781-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கார்ன்வாலிஸ் பிரபு தம் படையோடு இங்கே வந்து மண்அரண்களை எழுப்பினார். கடல்வழியே உதவி வரும் என்பது அவர் நம்பிக்கை. செப்டம்பர் 5-ஆம் நாள் பிரெஞ்சுக் கடற்படை விரிகுடா வாயிலில் பிரிட்டிஷ் கப்பல்களைப் பொருது விலக்கியது, அந்நம்பிக்கை பொய்த்தது. செப்டம்பர் 28 அன்று ஜார்ஜ் வாஷிங்டனும் பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவும் ஏறத்தாழ 17,000 வீரர்களோடு நிலவழியை வளைத்தனர். அக்டோபர் 14-ஆம் நாள் இரவில் 9, 10 என்று எண்ணிடப்பட்ட இரு கொத்தளங்களைத் தாக்கிக் கைப்பற்றினர். அக்டோபர் 19 அன்று கார்ன்வாலிஸின் படை சரணடைந்தது.

இவ்வளவும் பள்ளிப் பாடநூலில் படிக்கக் கூடியவையே. ஆனால் களத்தில் நின்று காணும்போது உள்ளம் வேறு வகையில் அசைகின்றது. 1930-ஆம் ஆண்டு முதல் இந்நிலம் அரசின் பாதுகாப்பில் இருக்கின்றது. அகழிகளும் கொத்தளங்களும் ஆராய்ந்து மீளக் கட்டப்பட்டுள்ளன. போர் முடிந்ததும் தாம் தோண்டிய முற்றுகை அகழிகளைத் தூர்த்துவிடும்படி வாஷிங்டனே கட்டளையிட்டாராதலின், இன்று நாம் காண்பவற்றுள் பெரும்பாலானவை பிற்காலத்தவர் தோண்டிக் கண்டறிந்து எழுப்பியவை. பத்தாம் கொத்தளத்தின் பெரும்பகுதியை ஆறே அரித்துக்கொண்டு போய்விட்டது. ஏறத்தாழ பத்து நிமிடங்களில், குண்டு நிரப்பாத துப்பாக்கியின் முனைக் கத்தியோடு பாய்ந்து அதனைப் பிடித்தார்கள் என்று கேட்டபோது, அந்தச் சிறு மேட்டை நாங்கள் மூவரும் வாய்திறவாமல் நோக்கிக்கொண்டிருந்தோம்.

ஊருக்குள் வெற்றித்தூண் ஒன்று உயர்ந்து நிற்கின்றது. அத்தூணை எழுப்ப வேண்டுமென அந்நாட்டுப் பேராயம் தீர்மானித்தது 1781 அக்டோபரில். அடிக்கல் நாட்டப்பட்டது 1881-இல்! வென்றவர்களுக்குத் தந்த வாக்கே நிறைவேறத் தொடங்க நூறாண்டு ஆயிற்று. அப்படியாயின் வெல்லாதவர்களுக்குத் தந்த வாக்கு என்னவாயிற்று? அக்கேள்வி அங்கே நிற்கும்போதே எழுந்தது.

தூணில் இல்லாதவர்கள்

இப்போர்க்களத்தில் மூன்று கொடிகள் பறந்தன என்று சொல்வார்கள். அமெரிக்கக் கொடி, பிரெஞ்சுக் கொடி, பிரிட்டிஷ் கொடி. அம்மூன்றில் எதனையும் தம்முடையது என்று சொல்லிக்கொள்ள இயலாத ஒரு மக்கள் கூட்டமும் அங்கே இருந்தது. அவர்கள்தாம் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். 1619-ஆம் ஆண்டிலேயே வர்ஜீனியாக் கரையில் ஆப்பிரிக்க மக்கள் விற்கப்பட்டனர். யார்க்டவுன் போர் நிகழ்ந்த காலத்தில் அவர்கள் வயலிலும் வீட்டிலும் உழைத்து, பிறரது சொத்துக் கணக்கில் எழுதப்பட்டு, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

போர் மூண்டபோது இவர்கள் வாளாவிருக்கவில்லை. 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். கலகக்காரர்களின் அடிமைகள் தம் பக்கம் வந்து போர் புரிந்தால் விடுதலை பெறுவர் என்பது அதன் கருத்து. 1779-ஆம் ஆண்டு படைத்தலைவர் கிளிண்டன் அத்தகைய வாக்குறுதியை மேலும் விரித்தார். அந்த எழுத்தை நம்பி ஆயிரக்கணக்கான ஆடவரும் பெண்டிரும் குழந்தைகளும் தப்பியோடி பிரிட்டிஷ் படையை அடைந்தனர். 1781 ஏப்ரலில் வாஷிங்டனுடைய மவுண்ட் வெர்னன் பண்ணையிலிருந்தே 17 பேர் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலேறிப் போய்விட்டனர். விடுதலைப் போரின் தலைவரிடமிருந்து விடுதலை தேடி ஓடினார்கள்! இதனைவிடக் கூர்மையான செய்தி அக்களத்தில் வேறொன்றில்லை.

மறுபுறம், அமெரிக்கர் பக்கம் நின்று போரிட்ட கறுப்பின மக்களும் உண்டு. ரோட் ஐலண்டு மாநிலம் 1778-ஆம் ஆண்டு, படையில் சேரும் அடிமைக்கு விடுதலை என்றும், உடையவனுக்கு இழப்பீடு என்றும் சட்டம் செய்தது. அவ்வாறு உருவான படைப்பிரிவு யார்க்டவுன் முற்றுகையிலும் இருந்தது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய வான் குளோசன் என்னும் அதிகாரி அமெரிக்கப் படையைப் பார்வையிட்டு, உடையிலும் ஒழுங்கிலும் ஆயுதப் பயிற்சியிலும் இப்படைப்பிரிவே சிறந்தது எனத் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்துள்ளார்.

இதனைச் சொன்னவுடன் எங்களை அழைத்துச் சென்ற இளைஞர் ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, நாம் அன்று அங்கே இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்போம்?" எங்களுள் ஒருவர் பிரிட்டிஷ் பக்கம் என்றார். மற்றொருவர் அமெரிக்கப் பக்கம் என்றார். புல்தரையில் அமர்ந்து நெடுநேரம் வழக்காடினோம். முடிவில் எங்களுக்குத் தோன்றியது இதுதான். அம்மக்கள் எந்தக் கொடியையும் விரும்பிச் சேரவில்லை. விடுதலையை விரும்பிச் சேர்ந்தார்கள். எங்கே அதற்கான வாக்குறுதி கிடைத்ததோ அங்கே சென்றார்கள். அவர்களை இரண்டகர் என்பதும் ஏமாளிகள் என்பதும், அவர்கள் நிலையில் நின்று பாராதவர்களின் பேச்சு.

நான்காம் விதி

முற்றுகை நெருங்க நெருங்க யார்க்டவுனுக்குள் உணவு குறைந்தது. பெரியம்மை பரவியது. மண்அரண்களை எழுப்ப மண் வெட்டியும் சுமந்தும் உழைத்தவர்கள் இந்தக் கறுப்பின மக்களே. ஆனால் உணவு போதாதென்று கண்டதும், பிரிட்டிஷார் அவர்களை முகாமிலிருந்து துரத்தினர். நோயுற்றவர்கள் இரு படைகளுக்கும் இடைப்பட்ட காட்டில் விடப்பட்டனர். யோகான் எவால்டு என்னும் ஜெர்மானியத் தலைவன் பிரிட்டிஷாரின் கூலிப் படையில் இருந்தவன். தங்களுக்காக உழைத்த மக்களைப் பழைய எசமானர்களின் கையில் சிக்கும்படி விரட்டியதை வெட்கத்தோடு தன் நாட்குறிப்பில் பதிந்திருக்கின்றான். ஜோசப் பிளம்ப் மார்ட்டின் என்னும் அமெரிக்கச் சிப்பாயும் எழுதியிருக்கின்றார். காட்டில் எங்கணும் அம்மக்களின் உடல்கள் கிடந்தன என்றும், சிலர் வாயிலும் கையிலும் கருகிய சோளம் இருந்தது என்றும் அவர் தம் நினைவுநூலில் கூறுகின்றார்.

நாங்கள் அங்கே ஒரு சிலுவையைக் கண்டோம். பெயர் தெரியாத பிரெஞ்சு வீரர்கள் அடக்கம் செய்யப்பட்ட இடம் அது. தொலைதூர நாட்டிலிருந்து வந்து மாண்டவர்களுக்கு அம்மரியாதை தகும், நாங்களும் தலைவணங்கினோம். ஆனால் காட்டில் வீழ்ந்த அந்தக் கறுப்பின மக்களுக்கென ஒரு நடுகல்லையும் நாங்கள் அன்று காணவில்லை.

அடுத்து மூர் இல்லம் என்னும் வெண்ணிற வீட்டுக்குச் சென்றோம். 1781 அக்டோபர் 18 அன்று சரணடைவு விதிகளைப் பேசி முடித்த வீடு அது. அமெரிக்கர் சார்பில் அங்கே அமர்ந்து பேசியவர் ஜான் லாரன்ஸ் என்னும் இளம் அதிகாரி. அவருடைய வரலாறு வியப்புக்குரியது. அடிமை வாணிகத்தால் செல்வம் குவித்த குடும்பத்தில் பிறந்தவர்; ஆயினும் அடிமைகளுக்கு விடுதலை தந்து படைப்பிரிவுகள் அமைக்க வேண்டுமெனத் தம் மாநிலத்தில் இடையறாது வாதாடியவர். 1779-இல் பேராயம் அதற்கு இசைவளித்தது. ஆனால் தென் கரோலினாச் சட்டமன்றம் அதனை மறுத்துவிட்டது.

அத்தகையவர் அமர்ந்து பேசிய உடன்படிக்கையின் நான்காம் விதி என்ன சொல்கின்றது? சரணடைவோர் தம் சொந்த உடைமைகளை வைத்துக்கொள்ளலாம்; ஆனால் இம்மாநில மக்களுக்குரிய சொத்து என்று வெளிப்படையாகத் தெரிபவை இருப்பின், உரியவர் அவற்றைத் திரும்பக் கோரலாம் என்கின்றது. பார்வைக்கு எவ்வளவு நேர்மையான விதி! அதில் அடிமை என்னும் சொல்லே இல்லை. ஆனால் அன்றைய சட்டத்தில் அடிமையும் சொத்துதானே? அந்த ஒரு சொல்லுக்குள் ஆயிரக்கணக்கானோர் அடைக்கப்பட்டுவிட்டனர். சரணடைவு முடிந்து ஒரு வாரத்திற்குள், அங்குள்ள கறுப்பின மக்களைத் திரட்டிக் காவலில் ஒப்படைக்கும்படி வாஷிங்டன் கட்டளையிட்டார். மவுண்ட் வெர்னனிலிருந்து தப்பியவர்களுள் சிலரும் மீண்டும் பிடிக்கப்பட்டு அடிமைகளாக அனுப்பப்பட்டனர்.

நண்பர்களே! பீரங்கிகள் செய்யாததை ஒரு வரி எழுத்து செய்தது. பீரங்கிக் குண்டுக்குத் தப்பியவர்கள் அந்த எழுத்துக்குத் தப்பவில்லை. எங்கள் உறக்கத்தைக் கெடுத்தது இதுவே.

தோற்ற பிரபுவும் வென்ற ஒற்றரும்

இங்கே இருவரை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒருவர் தோற்றுப்போன கார்ன்வாலிஸ் பிரபு. உடல்நலமில்லை என்று கூறிச் சரணடைவு நிகழ்ச்சிக்கே அவர் வரவில்லை. துணைத்தளபதி ஓஹாராவை அனுப்பிவைத்தார். இவ்வளவு பெரிய தோல்விக்குப் பின் அவருக்கு என்ன நேர்ந்தது? 1786-இல் அவரே நம் நாட்டிற்குக் கவர்னர் ஜெனரலாக வந்தார். 1792-இல் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானைப் பணியவைத்து, அவருடைய மைந்தர் இருவரைப் பிணையாகப் பெற்றார். 1793-இல் வங்காளத்தில் நிலவரியை நிலையாக்கி, ஜமீன்தார்களுக்கு நிலத்தின்மேல் உடைமையுரிமை எழுதிக் கொடுத்தார். அங்கும் உழுதவன் கையில் எழுத்து இல்லை. இன்றும் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் அவருடைய பளிங்குச் சிலை நிற்கின்றது. விரும்புவோர் சென்று காணலாம்.

மற்றொருவர் ஜேம்ஸ் என்பவர். வில்லியம் ஆர்மிஸ்டெட் என்பவரின் அடிமை. லஃபாயெட் என்னும் பிரெஞ்சுப் படைத்தலைவருக்காக, தப்பியோடி வந்த அடிமையைப்போலக் கார்ன்வாலிஸின் முகாமுக்குள் நுழைந்து ஒற்றறிந்தவர். உயிரைப் பணயம் வைத்து அவர் கொணர்ந்த செய்திகள் வெற்றிக்குத் துணை நின்றன. போர் முடிந்தது. நாடு விடுதலை பெற்றது. ஜேம்ஸ் மட்டும் மீண்டும் அடிமையாகவே இருந்தார்!

ஏன்? 1783-இல் வர்ஜீனியா ஒரு சட்டம் இயற்றியது. எசமானருக்குப் பதிலாகப் படைவீரராகப் பணிபுரிந்த அடிமைகள் விடுதலை பெறுவர் என்றது அச்சட்டம். ஜேம்ஸ் ஒற்றர், படைவீரர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆகவே விடுதலையும் இல்லை. 1784-ஆம் ஆண்டு லஃபாயெட், அவருடைய தொண்டினைப் பாராட்டித் தம் கைப்படச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அச்சான்றிதழோடு சட்டமன்றத்திற்கு விண்ணப்பம் அளித்து, 1787 ஜனவரியில்தான் ஜேம்ஸ் விடுதலை பெற்றார். எசமானருக்கு இழப்பீடும் தரப்பட்டது. ஜேம்ஸ் லஃபாயெட் என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டார். 1824-இல் முதுமையுற்ற லஃபாயெட் மீண்டும் அமெரிக்காவுக்கு வந்தபோது, கூட்டத்தில் நின்ற ஜேம்ஸை அடையாளம் கண்டு தழுவிக்கொண்டார் என்பது வரலாறு.

தோற்ற பிரபுவுக்குப் பதவி தேடி வந்தது. வென்ற ஒற்றர் ஐந்தாண்டுகள் தம் விடுதலையைத் தேடி அலைந்தார். வீரம் அவரை விடுவிக்கவில்லை. அவருடைய வீரத்தைப் பற்றி எழுதப்பட்ட ஒரு தாள் விடுவித்தது.

எழுத்தின் வலிமைக்கு இன்னுமொரு சான்று கூறுவோம். 1783-இல் பிரிட்டிஷார் நியூயார்க்கைக் காலி செய்தபோது, கறுப்பின மக்களைத் திருப்பித் தருமாறு வாஷிங்டன் கேட்டார். பிரிட்டிஷ் தளபதி கார்ல்டன் இணங்கவில்லை. விடுதலை வாக்குத் தந்தபின் அவர்களைச் சொத்தாகக் கருத முடியாது என்றார். அவருடைய ஆணைப்படி, கப்பலேறிய ஏறத்தாழ 3,000 பேரின் பெயர், வயது, தோற்றம், முன்னைய எசமானர் பெயர் ஆகியவை ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டன. மவுண்ட் வெர்னனிலிருந்து தப்பியவர்களுள் சிலர் பெயரும் அதில் காணப்படுகின்றது. இன்றும் அவர்களின் வழித்தோன்றல்கள் அந்தப் பதிவேட்டில்தான் தம் முன்னோரைத் தேடிக் காண்கின்றனர். யார்க்டவுன் காட்டில் இறந்தவர்களைத் தேடுவோருக்கோ அத்தகைய ஏடு இல்லை.

மறைந்துபோன குடியிருப்பு

களத்தை விட்டுப் புறப்படுமுன் கேள்வியுற்ற ஒரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். 1861 முதல் 1865 வரை நடந்த அந்நாட்டு உள்நாட்டுப் போரின்போது, அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த மக்கள் இதே போர்க்களத்தின்மேல் பலகைக் குடில்கள் கட்டி வாழ்ந்தனர். ஸ்லாப்டவுன் என்றும், பின்னர் யூனியன்டவுன் என்றும் அக்குடியிருப்புக்குப் பெயர். 1865-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அதன்பின்னும் தலைமுறை தலைமுறையாக அவர்கள் அங்கே வாழ்ந்தனர். பின்னர் போர்க்களத்தை 1781-இல் இருந்த தோற்றத்தில் காக்க வேண்டுமென நிலங்கள் வாங்கப்பட்டன. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்குடியிருப்பும் மறைந்தது. நாங்கள் கண்டு வியந்த புல்வெளியில் ஒரு பகுதி அவர்களுடைய வாசலாக இருந்த இடம்.

வரலாற்றைக் காப்பது நல்ல செயல்தான். ஆனால் எந்த ஆண்டின் வரலாற்றைக் காப்பது, யாருடைய வரலாற்றை அகற்றுவது என்பதை முடிவு செய்கின்ற இருக்கையில் அமர்ந்திருப்பவர் யார்? அங்கே நம்மைப் போன்றோர் அமர்ந்திருக்க வேண்டாமா?

போர்க்களத்திற்குச் சென்று வரலாற்றைத் தேடுவது நமக்குப் புதிதன்று. 1927 ஜனவரி 1 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் கோரேகான் தூணுக்குச் சென்று, அங்கே பொறிக்கப்பட்டிருந்த மகார் வீரர்களின் பெயர்களை நினைவுகூர்ந்தார். கல்லில் பெயர் இருந்தது. அதனால் நூறாண்டு கழிந்தும் அவர் சென்று சுட்டிக்காட்ட முடிந்தது.

நம் வாசலில் உள்ள கல்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். பிறர் குறையைச் சொல்லித் தம் குறையை மறைப்பது அறிவுடையோர் செயலாகாது.

ஊர் திரும்பிய மறுநாள் நாங்கள் மூவரும் நம் கழகக் கட்டடத்திற்கு வந்தோம். இருபத்தைந்து ஆண்டுகளாக நாள்தோறும் கடந்து செல்லும் வாசலில் பதித்துள்ள கல்வெட்டை அன்றுதான் நின்று படித்தோம். அடிக்கல் நாட்டியவர் பெயர் இருக்கின்றது. திறந்து வைத்தவர் பெயர் இருக்கின்றது. நன்கொடையாளர் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் பகலெல்லாம் நடவும் களையெடுப்பும் முடித்து, கூலியை மடியில் முடிந்துகொண்டு, மாலையில் வந்து இக்கட்டடத்திற்கு மண் சுமந்தார்களே நம் தாய்மார்கள், அவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. ஓலைக் கொட்டகையில் நடந்த இரவுப் பள்ளிக்கு விளக்குக்கு எண்ணெய் ஊற்றியவர் பெயர் இல்லை. விடுதிப் பிள்ளைகளுக்கு அரிசி போதாத நாளில் வீடுவீடாகச் சென்று பிடியரிசி திரட்டி வந்தவர் பெயர் இல்லை. இக்கல்வெட்டை எழுதியவர்கள் வேற்றாரல்லர், நாமே. அதற்கான வாசகத்தைத் தந்த குழுவில் எங்களுள் ஒருவரும் இருந்தார். வெட்கத்தோடு இதனை ஒப்புக்கொள்கின்றோம்.

மண் சுமந்த அத்தாய்மார்களில் பலர் இன்று நம்மிடையே இல்லை. எஞ்சியிருப்போரில் நால்வர் இந்த மன்றத்தின் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார்கள். அவர்களுடைய நினைவில் மற்றவர்களின் பெயர்கள் இன்னும் உள்ளன. அந்நினைவும் போய்விட்டால் எந்த அரசாங்க ஏட்டிலும் அவற்றைத் தேட முடியாது.

ஆகவே வெள்ளி விழா நாளில் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. புதிய தூண் எதனையும் எழுப்ப வேண்டாம். ஒரு பதிவேட்டைத் திறப்போம். இளைஞர் ஒவ்வொருவரும் தத்தம் தெருவிலுள்ள பெரியவர்களிடம் சென்று அமர்ந்து, இக்கழகத்திற்கு உழைத்தவர் பெயர், ஊர், வயது, செய்த பணி ஆகியவற்றைக் கேட்டு எழுதி வாருங்கள். கேட்டதை அவர்களுக்கே படித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் அன்று எழுதிய ஏட்டில் பெரும்பாலான பெயர்களின் பக்கத்தில் ஓர் எசமானன் பெயர் இருந்தது. நம் ஏட்டில் அந்த இடத்தில் அவரவர் செய்த பணி இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்வோம். நான்காம் விதியை மறவாதீர்கள். நமக்கு நன்மை செய்வதாகக் கூறும் எந்தத் தாளாயினும், நிலப்பத்திரமாயினும், அரசாணையாயினும், வேலை ஒப்பந்தமாயினும், கடைசி வரி வரையில் படியுங்கள். அதில் இருக்கும் சொல்லை மட்டுமன்று, இல்லாத சொல்லையும் படியுங்கள். அதற்குத்தான் இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக உங்களுக்கு எழுத்தறிவித்து வருகின்றது. தேர்வில் தேறுவது அதன் தொடக்கமே. விதிகளைப் படிக்க வல்லவர்கள் நாளை விதிகளை எழுதும் இருக்கையிலும் அமர வேண்டும்.

கூட்டம் முடிந்தவுடன், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அந்நான்கு தாய்மார்களிடமும் முதற்பக்கத்தை எழுதத் தொடங்குவோம். ஏடும் எழுதுகோலும் கொண்டுவந்திருக்கின்றோம்.